ஒரு கன மீட்டர் மேகத்தில் எத்தனை கிராம் நீர்?

கேள்வி: விமான இறக்கையில் பனி படிவதை ஆராய்பவர்கள், மேகத்தில் நீர் எவ்வளவு, பனிக்கட்டி எவ்வளவு என்று எப்படிப் பிரித்து அளக்கிறார்கள்?

பதில்: ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை கிராம் என்பதே கணக்கு, அடுக்கு மேகங்களில் நீர் பெரும்பாலும் ஒரு கிராமைக்கூட எட்டுவதில்லை. இவ்வளவு சொற்ப நீருக்கு அஞ்சக் காரணம், சுழியத்துக்குக் கீழேயும் உறையாமல் மிதக்கும் துளிகள் இறக்கையில் மோதியதும் உறையத் தொடங்குவதுதான்.

இன்றும் கைவிடப்படாத எளிய கருவி ஓர் உலோகத் தகடு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1944 முதல் இயங்கிவரும், இப்போது நாசாவின் வசமுள்ள பனிப்படிவுக் காற்றுச் சுரங்கத்தில் (குளிர்ந்த காற்றை வேகமாக வீசச்செய்து சோதிக்கும் கூடம்), ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத் தகட்டை, நீரைத் தெளித்து உண்டாக்கிய மேகத்தில் குறித்த நேரம் காட்டி, விளிம்பில் படிந்த பனியின் தடிமனை அளக்கிறார்கள். காற்று நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வீச, 60 நொடியில் 3 மில்லிமீட்டர் பனி படிந்தால், கன மீட்டருக்கு ஏறத்தாழ அரை கிராம் நீர் என்று கொள்ளலாம். குளிர் போதாவிட்டால் நீர் உறையாமல் வழிந்துபோய், அளவு குறைந்து தெரியும்.

பறக்கும் விமானத்தில் பயன்படுவது சூடேற்றிய கம்பி. மோதும் துளிகளை ஆவியாக்கியபடியே கம்பியின் வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கச் செலவாகும் மின்திறனிலிருந்து நீரின் அளவு கிடைக்கிறது. வறண்ட காற்று கொண்டுபோகும் வெப்பத்தைக் கழிக்க மறந்தால், மேகமற்ற வானத்திலும் இந்தக் கருவி நீரைக் காட்டும்!

பனிப்படிகம் அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை. உருண்டையான கம்பியில் மோதினால், உருகுவதற்குள் பெரும்பகுதி சிதறிப்போகிறது. ரஷ்யாவில் உருவான நெவ்சோரோவ் கருவி இதையே சாதகமாக்கிக்கொண்டது: கம்பி பெரும்பாலும் நீரை மட்டும் அளக்க, காற்றை எதிர்நோக்கிய கூம்புக்குழி நீரையும் பனியையும் சேர்த்து அளக்கும்; இரண்டின் வேறுபாடே பனி. கேட்கக் கச்சிதமாக இருந்தாலும், ஆழமில்லாத அந்தக் குழியிலிருந்தும் படிகங்கள் துள்ளி வெளியேறியதை அதிவேகக் கேமராக்கள் காட்டிக்கொடுத்தன. பழைய அளவீடுகள் பனியைக் குறைத்தே சொல்லியிருந்தன என்பது தெளிவாகி, குழியை ஆழப்படுத்தினார்கள்.

வெப்பமண்டலப் புயல்மேகங்களின் உச்சியில் பனிப்படிகங்கள் ஜெட் எஞ்சின்களின் திறனைக் குறைப்பதை ஆராய, 2014இல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து பறந்த பிரெஞ்சு ஃபால்கன் 20 விமானம் வேறொரு கருவியைச் சுமந்து சென்றது. எதிர்வரும் காற்றை அதே வேகத்தில் உள்வாங்கி, அதிலுள்ள அனைத்தையும் ஆவியாக்கி, மொத்த ஈரத்திலிருந்து சுற்றுக்காற்றின் நீராவியைக் கழித்துவிடும் கருவி அது. மைனஸ் 10 டிகிரியில் அந்த நீராவியே கன மீட்டருக்கு 2 கிராம் அளவுக்கு இருக்கக்கூடும் என்பதால் கழித்தலில் பிழை நுழைந்துவிடும். மைனஸ் 50 டிகிரியிலோ அது 0.04 கிராம்தான் என்பதால், மிகுந்த உயரத்தில் இதன் கணக்கை நம்பலாம்.