கேள்வி – பதில்: ‘எர்’ என்றால் தவறு செய்வதா, வழி தவறுவதா?

கேள்வி: ‘எர் ஆன் தி சைட் ஆஃப் காஷன்’ என்ற ஆங்கிலத் தொடரை அடிக்கடி படிக்கிறேன். ‘எர்’ என்றால் தவறு செய்வது என்று அகராதி சொல்கிறது. எச்சரிக்கையாக இருப்பது எப்படித் தவறாகும்? இச்சொல் எங்கிருந்து வந்தது? அதை எவ்வாறு உச்சரிக்க வேண்டும்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. ‘தவறு செய்தல்’ என்ற அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தொடரைப் படித்தால் அது முரணாகவே தோன்றும். சொல்லின் வேரைப் பார்த்தால் அந்த முரண் நீங்கிவிடும்.

இதன் மூலம் ‘எர்ராரே’ என்ற இலத்தீன் வினை. அலைதல், திரிதல், வழி விலகிப் போதல் என்பவையே அதன் முதற்பொருள்கள். உண்மையிலிருந்தும் நெறியிலிருந்தும் விலகுவதும் வழி விலகுவதே என்பதால், பிழைபடுதல் என்ற பொருள் இலத்தீனிலேயே அதனோடு சேர்ந்துவிட்டது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக, 1300-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது இரு பொருள்களும் உடன் வந்தன. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் உள்ள பாவ அறிக்கை, காணாமற்போன ஆடுகளைப் போல நாங்கள் உம் வழிகளை விட்டு விலகி அலைந்தோம் என்று சொல்லும் இடத்தில் இந்த வினையையே ஆள்கிறது. அங்கே பிழையையும் வழிவிலகலையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது.

ஜெர்மன் மொழியில் தவறாக எண்ணுவதைக் குறிக்கும் ‘இர்ரென்’ இதன் உறவுச் சொல். பழைய ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து வந்த ஒரு சொல்லுக்குச் சினம் என்று பொருள் இருந்தது. சினத்தை அறிவு தடம் மாறிய நிலையாகக் கண்டார்கள் போலும் என்று எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. ‘எரர்’ என்ற பெயர்ச்சொல்லும், ஒழுங்கின்றி மாறுவதைக் குறிக்கும் ‘எர்ராட்டிக்’கும், நூல்களில் பிழைதிருத்தப் பட்டியலுக்குத் தலைப்பாக வரும் ‘எர்ராட்டா’வும் இந்தக் குடும்பத்தவையே. விண்மீன்களுக்கிடையே இடம் மாறிக்கொண்டே செல்லும் கோள்களை இலத்தீன்காரர்கள் ‘அலையும் விண்மீன்கள்’ என்று அழைத்தபோது ஆண்டதும் இவ்வினைதான். அங்கே பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி உங்கள் தொடருக்கு வருவோம். ஒரு பாதையில் நடக்கிறோம்; ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வெறும் புல்வெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டநடுவில் பிசகாமல் நடக்க இயலாது, சற்றே விலகத்தான் நேரும் என்றால், புல்வெளிப் பக்கமாக விலகுவதே அறிவுடைமை. அத்தொடர் சொல்வது இதைத்தான்: சரியான அளவு தெரியாதபோது, எச்சரிக்கை குறைவதைவிட மிகுந்துபோவது மேல். எச்சரிக்கையைத் தவறு என்று அது சொல்லவில்லை.

இலக்கணத்திலும் இந்த வேர் வெளிப்படுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் ‘எர்’ செயப்படுபொருள் குன்றிய வினை. ஒருவர் தவறலாம், ஆனால் எதையும் ‘எர்’ செய்ய முடியாது. ஆகவே இதற்கு நேரான தமிழ், ‘தவறு செய்’ என்பதைவிடத் ‘தவறு’ என்ற வினையே என்பது என் கருத்து. வழி தவறினான், சொல் தவறினான், நெறி தவறினான் என்று நாம் சொல்லும்போது, இடம்பெயர்தலும் பிழைபடுதலும் ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலக் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் 1711-இல் வெளியிட்ட கவிதையில் வரும் ‘தவறுவது மனித இயல்பு, மன்னிப்பது தெய்வ இயல்பு’ என்ற புகழ்பெற்ற அடியைத் தமிழாக்கும்போது ‘தவறு செய்வது’ என்று எழுதுவதைவிடத் ‘தவறுவது’ என்று எழுதுவது மூலத்துக்கு நெருக்கமாக அமையும்.

உச்சரிப்பில் இரு வழக்குகள் உண்டு. ‘அவளுடைய’ என்று பொருள்படும் ‘ஹர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒலியொத்து ‘அர்’ என்பதுபோல் ஒலிப்பது பழைய முறை. ‘எரர்’ என்பதன் முதலசையைப் போல ‘எர்’ என்று ஒலிப்பது அமெரிக்காவில் பரவலாக உள்ளது. தமிழில் நாம் எழுதும் வடிவம் இதற்கே நெருக்கமானது. அமெரிக்க அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. பிரிட்டிஷ் வழக்கில் ‘அர்’ என்பதே பொது.