பட்டன் அமத்தினதுதானே?

கேள்வி: நான் ஃபோனில ஒரே நாளில கோணேசர் கோயிலை நூறு படம் எடுக்கிறன். நீங்கள் என்னடாவெண்டா வெள்ளைக்காரன் எடுத்த பழைய இடிபாட்டுப் படங்களைப் பெருசாப் போடுறீங்கள். அவனும் பட்டன் அமத்தினதுதானே? போடுறதெண்டா பழைய கோணேசர் கோயில் படத்தைப் போடுங்கோவன்.
- வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடிச்சது 1622ல. போட்டோ எடுக்கிற வித்தை உலகத்துக்குத் தெரிய வந்ததே 1839ல. அப்பிடியொரு படம் இருக்கேலாது, ஃபேஸ்புக்கில ஆரும் போட்டாலும் நம்பாதீங்கோ.

ஆனா பட்டன் எண்டு சொன்னீங்கள் பாருங்கோ, அதைத்தான் என்னால விடேலாது. அந்தக் கமராவில பட்டனே இல்லை, லென்ஸ் மூடியைக் கையால கழட்டி மனசுக்குள்ள எண்ணித் திருப்பி மூடோணும். 1870-71ல தொல்பொருள் குழுவுக்காக ஜோசப் லோட்டன் எண்ட போட்டோக்காரர் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா எண்டு போய் எடுத்த காலத்தில ஈரத்தட்டு முறைதான். கண்ணாடித் தட்டைத் துடைச்சு, கொலோடியன் எண்ட பசை மாதிரித் திரவத்தை ஊத்தி, நாலு மூலைக்கும் சரிச்சு ஒரே சீராப் பரவ விட்டு, இருட்டுக் கூடாரத்துக்குள்ள சில்வர் நைட்ரேட்டில தோய்ச்சு, ஈரம் காயமுந்தி கமராவுக்குக் கொண்டு ஓடி, எடுத்த கையோட திரும்பி ஓடி வந்து கழுவோணும். எல்லாத்துக்கும் பத்துப் பதினைஞ்சு நிமிஷம், எங்கட வெயிலில அதுவும் கிடையாது, கொலோடியனில இருக்கிற ஈதர் பறந்திடும். ஒரு தூசி ஒட்டினாலும் தட்டில கறைதான். படத்தைப் பெருசாக்கிப் பிரிண்ட் போடுற வழக்கமும் அப்ப இல்லை, படம் எவ்வளவு பெருசோ கண்ணாடியும் அவ்வளவு பெருசு.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டை 1858ல லின்னேயஸ் டிரைப் எண்ட இன்னொரு வெள்ளைக்காரர் எடுத்தார், அது கண்ணாடி இல்லை, மெழுகு பூசின காகித நெகட்டிவ். சுவரோட நகந்து நகந்து எடுத்த 21 துண்டை ஒட்டி, 19 அடிக்கு மேல நீளம். எழுத்து வாசிக்கிறவைக்கு அது எவ்வளவு பெரிய சொத்து!

இப்ப நான் கேக்கிறன், பொலன்னறுவைக் காட்டுக்குள்ள அந்தக் கண்ணாடிப் பெட்டி, மருந்துப் போத்தல், கூடாரம், கழுவுற தண்ணி எல்லாத்தையும் தூக்கினது ஆர்? லோட்டன் தனிய இல்லை. தூண் எவ்வளவு பெருசெண்டு காட்டப் பக்கத்தில நிப்பாட்டின ஆளைப் பாருங்கோ, அவர் ஆடாம நிண்டபடியாத்தான் முகம் கலங்காம விழுந்திருக்கு. படத்துக்குக் கீழ அவர்ர பேரைத் தேடிப் பாருங்கோ, இல்லை. அவருக்காகவும்தான் பெருசாப் போடுறன். ஆற்றையாவது வீட்டில, எங்கட பாட்டன்ர பாட்டன் போட்டோக்காரரோட சாமான் தூக்கிப் போனவர் எண்டு ஒரு கதை இருந்தா எழுதி அனுப்புங்கோ, பேரோட போடுறன்.