மடிப்பாக்கம் ஃபிளாட்டும் மூன்று மாத வாடகை பாக்கியும்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: டொராண்டோ வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, மடிப்பாக்கம் ஃபிளாட்டில் குடிவைத்துவிட்டு வந்த ஆள் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, கேட்டால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார், அப்பா போனால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புகிறார், மச்சான் கரண்ட்டைப் பிடுங்கிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. மச்சான் ஃபியூஸைக் கழற்றிய அன்றைக்கே அந்த ஆள் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும், பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார், பதில் சொல்லவேண்டிய இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். ஆள் வைத்து மிரட்டுவதும் அதே கதைதான்.

முதல் வேலை, அப்பாவை அங்கே அனுப்புவதை நிறுத்துவது. ரிட்டயர் ஆன மனிதர், வெயிலில் பஸ் ஏறிப் போய் அவமானப்பட்டுத் திரும்புகிறார், அந்த ஆளுக்கோ ‘ஓனர் இங்கே இல்லை, இந்தப் பெரியவர் திரும்பிப் போய்விடுவார்’ என்று நன்றாகத் தெரியும். நீங்களே கூப்பிடுங்கள். கோடையில் இங்கே ராத்திரி ஒன்பது என்றால் அங்கே காலை ஆறரை, ஆள் வீட்டில்தான் இருப்பார். சத்தம் போடாமல் பேசிவிட்டு, பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: எந்தெந்த மாதம் பாக்கி, எவ்வளவு, அட்வான்ஸில் கழிக்க எனக்குச் சம்மதம் இல்லை. அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். அட்வான்ஸ் முழுக்கக் கரைந்தபிறகு உங்கள் கையில் பிடி என்று ஒன்றும் இருக்காது. பெயிண்ட், உடைந்த குழாய், கட்டாத கரண்ட் பில், மெயின்டனன்ஸ் எல்லாம் உங்கள் தலையில்தான் விடியும்.

அடுத்தது பவர் பத்திரம். நீங்கள் அங்கே இல்லாதபோது நோட்டீஸ் கொடுக்கவும் கோர்ட்டில் நிற்கவும் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும். வாடகை வசூல், நோட்டீஸ், காலி செய்யவைப்பது, வழக்கு, இவ்வளவுக்கு மட்டும் சிறப்பு பவர் எழுதி இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் அலைபவர்கள் நிறைய. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று விற்கும் உரிமையையும் சேர்க்கச் சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவருக்குத் தலையாட்டிவிட்டு சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

உங்கள் அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் போட்டது, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதியவில்லை என்கிறீர்கள். பதினோரு மாதம் என்பது பதிவுச் செலவைத் தவிர்க்கப் பழைய காலத்தில் வந்த வழக்கம். புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுதி, அரசின் ஆன்லைன் தளத்தில் பதிய வேண்டும். பதியாததால் எல்லாம் போச்சு என்று பயப்பட வேண்டாம். இரண்டு மாத பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால் அதுவே காலி செய்யக் கேட்கக் காரணம். எழுத்து ஒப்பந்தத்துக்கு இரண்டு தரப்பும் ஒத்துவராததையும் காரணமாகக் காட்டலாம். சென்னையில் இந்த வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். சட்டத்தில் கெடு எல்லாம் போட்டிருக்கிறது, அந்தக் கெடுவை நம்பி விமான டிக்கெட் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவனுக்கே போய்விடும் என்று யாராவது சித்தி சொல்லியிருப்பார். உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவருக்கு வருஷக் கணக்கால் வீடு சொந்தமாகாது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரி விஷயமும் இதில் வந்து மாட்டும். நீங்கள் வெளிநாட்டில் குடியிருப்பவர் ஆகிவிட்டால் வாடகையை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு வைக்கும் பேங்க் கணக்கு) வாங்குவதுதான் வழக்கம், வாடகைக்கு இருப்பவர் அதில் 30 சதவீத வரியும் அந்த வரிமேல் விழும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டியாக வேண்டும். நல்லவர்களுக்கே இது தெரியாது. வில்லங்கமான ஆளுக்குத் தெரிந்துவிட்டால் ‘வரி பிடித்துவிட்டேன்’ என்று சொல்லிப் பையில் போட்டுக்கொள்வார், அதனால் பிடித்ததற்குச் சான்று கேட்டு வாங்குங்கள்.

தூரத்திலிருந்து வீட்டைப் பார்க்க இருக்கிற நல்ல ஜன்னல் ஈ.பி. பில். சர்வீஸ் நம்பரைப் போட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யூனிட்டைப் பாருங்கள். என் பெரம்பூர் வீட்டுக்குக் கணவன், மனைவி இரண்டே பேர் என்று சொல்லி வந்தவர்கள் வீட்டில் யூனிட் திடீரென்று மூன்று மடங்கு ஆனது. எதிர்வீட்டு அக்காவைக் கேட்டேன். “ஹாலிலேயே ஆறு பாய் விரிச்சிருக்குப்பா, காலையில பாத்ரூமுக்கு கியூ நிக்குது” என்றார். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் பையன்களைத் தங்கவைத்திருந்தார்கள். வாடகையும் இழுத்துக்கொண்டே இருந்தது. வக்கீல் நோட்டீஸ் போனபிறகு உட்கார்ந்து பேசி, ஒரு மாத பாக்கியை நான் விட்டுக்கொடுக்கிறேன், நீங்கள் இந்தத் தேதியில் காலி செய்வதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். போட்டார்கள், போனார்கள். ஊரில் என்னை ஏமாளி என்றார்கள். கோர்ட் செலவையும் அதுவரை வராமல் போகும் வாடகையையும் கூட்டிப் பார்த்தால் எனக்கு அது மலிவுதான், உங்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் நோட்டீஸ் போகும் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், பயந்துவிட்டீர்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு மாதம் உட்காருவார்.

அவர் சம்மதித்தால், காலி செய்யும் நாளில் பவர் வைத்திருப்பவரோடு அசோசியேஷன் செக்ரட்டரியையும் நிற்கச் சொல்லுங்கள். வீடு காலியாகி சாவி எத்தனை செட் வந்தது என்று எழுதி வாங்கியபிறகு, மீட்டர் ரீடிங்கையும் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்துவிட்டு, மீதி அட்வான்ஸை அன்று சாயங்காலமே பேங்க் மூலம் அனுப்பிவிடுங்கள், ரொக்கமாக வேண்டாம்.