ஒன்டாரியோவில் அனுமதி, கியூபெக்கில் தடை: 20 வயதுத் தம்பியும் கஞ்சாச் சட்டமும்

கேள்வி: ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஸ்டடி பெர்மிட்டில் வந்திருக்கும் என் தம்பிக்கு 20 வயது, ஜி2 (புது ஓட்டுநர்களுக்கான இரண்டாம் கட்ட) லைசென்ஸ் இருக்கிறது. "கனடாவில் கஞ்சாவுக்குத் தடையில்லை, யாரும் கேட்க முடியாது" என்கிறான். அடுத்த மாதம் என் காரில் கியூபெக் மாகாணத்தில் உள்ள மான்ட்ரியாலுக்குப் போகப்போகிறான். பயமாக இருக்கிறது. அவன் சொல்வது சரியா?

பதில்: பாதிதான் சரி. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சாவுக்கு அனுமதி உண்டு. 18 வயதானவர் வெளியிடத்தில் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம் என்கிறது மத்திய சட்டம். ஆனால் அதை இன்னும் இறுக்க மாகாணங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கும் கீழே நகராட்சியும், வாடகைக்கு விட்ட வீட்டு உரிமையாளரும் விதி போடலாம்.

ஒன்டாரியோவில் வயது வரம்பு 19. ஆகவே, உரிமம் உள்ள கடையில் உங்கள் தம்பி வாங்கலாம். சிகரெட் பிடிக்கக் கூடாத இடத்தில் கஞ்சாவும் புகைக்கக் கூடாது. பள்ளிக்கூடம், சிறுவர் விளையாட்டிடம் ஆகியவற்றிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஸ்டீல்ஸ் சாலையைத் தாண்டினால் மார்க்கம் நகரம் வந்துவிடும். அங்கே தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் புகைக்க நகராட்சியே தடை போட்டிருக்கிறது. பேஸ்மென்டுக்கு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். புகைக்கக் கூடாது, செடி வளர்க்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கார்தான். ஒன்டாரியோவில் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், ஜி1, ஜி2 லைசென்ஸ்காரர்கள் வண்டி ஓட்டும்போது உடலில் கஞ்சா துளியும் இருக்கக் கூடாது. உங்கள் தம்பி இரண்டு வகையிலும் இதில் வருகிறார். "நேற்று ராத்திரிதான் புகைத்தேன், இப்போது தெளிவாக இருக்கிறேன்" என்பது எடுபடாது. உமிழ்நீர்ச் சோதனையில் தெரிந்தாலே அந்த இடத்திலேயே லைசென்ஸ் முடக்கப்படும். காரில் எடுத்துப் போவதென்றால் பிரிக்காத கடை பாக்கெட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாக மூடிக் கட்டி, யார் கைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

போதையில் ஓட்டியது குற்ற வழக்கானால் விஷயம் வேறு. 2018 டிசம்பர் 18 முதல் இந்தக் குற்றத்துக்கு உச்ச தண்டனை 10 ஆண்டு. அதனால் குடிவரவுச் சட்டம் இதைக் கடுமையான குற்றமாகவே எடுத்துக்கொள்கிறது. நீதிமன்றம் வெறும் அபராதத்தோடு விட்டாலும் தீர்ப்பு தீர்ப்புதான். ஸ்டடி பெர்மிட்டில் இருப்பவர் மட்டுமல்ல, பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கியவர்கூட நாட்டைவிட்டு வெளியேற்றப்படலாம். "அபராதம்தானே, கட்டிவிட்டுப் போகலாம்" என்று குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கட்டாயம் பேச வேண்டும். இங்கே பிறந்த நண்பர்களுக்கு இந்த ஆபத்து கிடையாது. அவர்களைப் பார்த்து இவர் நடக்கக் கூடாது.

சரி, மான்ட்ரியாலுக்கு வருவோம். கியூபெக்கில் 2020 ஜனவரி முதல் வயது வரம்பு 21. ஒன்டாரியோவில் சட்டப்படி வாங்கிய அதே பாக்கெட்டை மாகாண எல்லை தாண்டியதும் உங்கள் தம்பி வைத்திருக்கவே முடியாது. தெருவில் புகைப்பதற்கும் அங்கே பொதுவாகத் தடைதான். வீட்டில் செடி வளர்ப்பதையும் கியூபெக் தடுத்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு 4 செடி வரை மத்திய சட்டம் விட்டிருக்கிறதே என்று வழக்குப் போனபோது, 2023இல் உச்ச நீதிமன்றம் கியூபெக்கின் தடை செல்லும் என்றது.

அதனால் புறப்படும் முன் தம்பியோடு சேர்ந்து காரையும் பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊருக்கு விமானம் ஏறும்போதும், அமெரிக்க எல்லைக்குக் காரில் போகும்போதும் இதையே செய்யுங்கள். கனடாவிலிருந்து ஒரு கிராம்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது.