என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: தேர்வில் வென்ற பிள்ளைக்குப் பணம் ஏன் வருவதில்லை?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன முறை எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானார்கள். ஒருத்திக்கு மட்டும்தான் பணம் வந்தது. இந்த முறை நிறையப் பேரைத் தயார் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்த இரண்டு பேரிடமிருந்து தொடங்குங்கள். எந்தப் புத்தகம், எத்தனை மாதிரித் தேர்வு என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏழைப் பிள்ளை தன் உழைப்பால் வென்ற பணம், எட்டாம் வகுப்புப் பள்ளிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பள்ளிக்கும் நடுவே தொலைந்துபோகிறது. அதைக் கேட்க ஆளில்லை என்பதுதான் இதில் பெரிய வேதனை.

தொகை மாதம் 1000 ரூபாய். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுக்கு 48,000. மத்திய அரசு 2008-இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 6000 ஆக இருந்தது, 2017-இல் 12,000 ஆயிற்று. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குக் கொடுக்கிறார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும்.

இப்போது பணம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். தேர்வு முடிவு உங்கள் பள்ளிக்கு வரும். விண்ணப்பிக்கும் காலம் வருவதற்குள் பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டியது அந்தப் புதிய பள்ளியின் பெயரில். அங்கிருக்கும் வகுப்பாசிரியருக்கு இந்தப் பிள்ளை தேர்வானதே தெரியாது. தேர்வு எழுதியாயிற்று, பணம் தானாக வரும் என்று வீட்டில் காத்திருப்பார்கள். விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் முடிவு வந்த வாரமே ஒரு தாள் தயார் செய்யுங்கள். பிள்ளையின் பெயர், தேர்வுப் பதிவெண், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) எண், ஆதாரில் உள்ளபடி பெயரின் ஆங்கில எழுத்துகள், பிறந்த தேதி, வங்கி, கைபேசி எண். இதில் ஒரு படி பெற்றோரிடம், இன்னொன்று புதிய பள்ளித் தலைமையாசிரியர் கையில், நேரில். வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டேன் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பள்ளியில் இணையதள வேலையைப் பார்ப்பவர் யார் என்று கேட்டு அவர் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை முதலில் பள்ளி சரிபார்க்கும், பிறகு மாவட்ட அலுவலர். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வந்த விண்ணப்பத்தை யாரும் திறந்தே பார்க்காமல் கடைசித் தேதி போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. விண்ணப்பித்த பின் வாரம் ஒரு முறையாவது நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். எமிஸில் "கே. பிரியா", ஆதாரில் "பிரியா குமார்", வங்கிப் புத்தகத்தில் "பிரியா கே". நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை, கணினிக்கு மூன்று பேர். தேர்வு விண்ணப்பம் போடும் முன்பே, ஜூலை, ஆகஸ்டில், ஆதாரை வைத்துக்கொண்டு எமிஸைத் திருத்துங்கள். ஆதாரே தவறென்றால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். 15 வயதில் கைரேகை, கருவிழியைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். உதவித்தொகை வந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த வயது வரும்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அம்மாவோடு கூட்டுக் கணக்காகத் திறந்து, அம்மாவின் ஆதாரை மட்டும் இணைத்துவிடுவது நான் அறிந்த தவறுகளில் மிகப் பரவலானது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரை அந்தக் கணக்கோடு பிணைப்பது வேறு. வங்கியில் "ஆதார் கொடுத்தாச்சு" என்பார்கள், "அரசு மானியம் வரும்படி பிணைத்திருக்கிறீர்களா?" என்று இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில், பதிவான கைபேசிக்கு வரும் கடவு எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பணம் கடைசியாகப் பிணைத்த வங்கிக்குத்தான் போகும். இடையில் யாரோ அஞ்சலகக் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால் பணம் அங்கே கிடக்கும், நீங்கள் பழைய பாஸ்புக்கைப் பார்த்து வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பணம் வராத அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இதை இன்றே பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு எடுக்காமல் போடாமல் இருந்தால் கணக்கு முடங்கிவிடலாம் என்பதால், அவ்வப்போது 50 ரூபாயாவது போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகரும். சாதிச் சான்றிதழில் பழங்குடிப் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாடு. அதைக் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும், விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். இருளர், நரிக்குறவர் பிள்ளைகள் இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தன் ஒதுக்கீட்டையே இழக்கிறது.

இனி தேர்வு. காலையில் மனத்திறன் தாள், 90 கேள்வி, 90 நிமிடம். சிறு இடைவேளைக்குப் பிறகு படிப்புத் திறன் தாள், அதிலும் 90: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒரு கேள்வியையும் விட வேண்டாம். இரண்டு தாளும் சேர்த்து 180-க்கு 72 எடுத்தால் தகுதி, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 58. ஆனால் தகுதி மதிப்பெண் வாசல்தான். இடம் கிடைப்பது தர வரிசையில்.

நன்றாகப் படிக்கும் ஐந்து பேரை மட்டும் பிரித்தெடுத்துப் பயிற்சி கொடுக்காதீர்கள். மனத்திறன் தாளில், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை முந்துவது நடக்கிறது. அது பாடத்தை ஒப்பிக்கச் சொல்வதில்லை. தகுதியுள்ள எல்லோரையும் எழுத வையுங்கள். 50 ரூபாய்க் கட்டணம் தடையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம்.

ஜூன் முதல் தினமும் 40 நிமிடம் போதும், வாரத்துக்கு ஒரு வகை: எண் தொடர், எழுத்துத் தொடர், ஒப்புமை, குறியீடு, திசை, உறவுமுறை, பகடை, கண்ணாடிப் பிம்பம். 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன என்று கேட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். எண்களுக்குக் கீழே வித்தியாசத்தை எழுத வையுங்கள்: 4, 6, 8, 10. அடுத்து 12 என்று பிள்ளையே சொல்லும், 42 தானாக வரும். ஆங்கில எழுத்துக் குறியீட்டில் தமிழ்வழிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணியே நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஈ (E) 5, ஜே (J) 10, ஓ (O) 15, டி (T) 20, ஒய் (Y) 25: இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்தால் மற்ற எழுத்துகளை முன்பின் எண்ணிப் பிடித்துவிடலாம்.

தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு மனத்திறன் கேள்வியின் அறிவுறுத்தலே புரியாது. அவர்களுக்குப் புதிர் கொடுக்கும் முன் ஒரு மாதம் வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் கொடுங்கள். படிப்புத் திறன் தாளுக்கு ஏழு, எட்டாம் வகுப்பு அரசுப் பாடநூலே ஆதாரம். பாட இறுதி வினாக்களோடு நிறுத்தாமல் பெட்டிச் செய்திகளையும் படங்களின் கீழுள்ள வரிகளையும் படிக்க வையுங்கள். எட்டாம் வகுப்பில் எந்தப் பாடம் வரை என்பதை அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் பாருங்கள்.

விடைத்தாளில் வட்டம் நிரப்புவதைக் குறைந்தது பத்து முறை பழக்க வேண்டும். 23-ஆம் கேள்வியை விட்டுவிட்டு 24-இன் விடையை 23-ஆம் வரிசையில் நிரப்பினால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போகும். ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் நிறுத்தி எண்ணைச் சரிபார்க்கப் பழக்கினால் இது நடக்காது. தேர்வு நாளில் காலைச் சாப்பாடும் வண்டியும் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மையம் தொலைவு என்பதற்காகப் பெண்பிள்ளைகளை அனுப்பாத வீடுகள் உண்டு; ஆசிரியை ஒருவர் கூட வருகிறார் என்றால் அனுப்புவார்கள்.

தேர்வான பின் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்தத் தொகை நின்றுவிடும். எட்டாம் வகுப்பு இறுதியிலும் 55 விழுக்காடு (எஸ்.சி., எஸ்.டி.க்கு 50) வேண்டும். ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் 500-க்கு 300, எஸ்.சி., எஸ்.டி.க்கு 275. ஆண்டுதோறும் புதுப்பித்தல் விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். பத்தாவதோடு முடியும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு மாறும்போது அதே சிக்கல் இரண்டாம் முறை வரும். அதே தாளை, அதே கைபேசி எண்ணோடு, அந்தப் பள்ளிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.