மகள் ஆங்கிலச் சபைக்கு மாறுவது பற்றி

அக்கா, சிங்கப்பூர் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்த மகள் இப்போது செங்காங் பக்கம் ஆங்கில ஆராதனைக்குப் போகிறாள், பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்கிறாள், விசுவாசமே போய்விட்டதோ என்று பயப்படுகிறீர்கள். அப்படித் தெரியவில்லை. விசுவாசம் போனவர்கள் பெரும்பாலும் பெயரை எடுக்கச் சொல்வதில்லை, சும்மா வராமல் நின்றுவிடுவார்கள்.

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மதமில்லை என்றவர்கள் 20 விழுக்காடு. 2010-ல் அது 17. உங்கள் பெண் அந்தப் பக்கம் போகவில்லையே!

என் மகனும் இப்படித்தான். தமிழ் ஆராதனையில் கைப்பேசியில் ஆங்கில வேதாகமத்தைத் திறந்து வைத்து, பாஸ்டர் வாசிக்கும் வசனத்துக்கு இரண்டு வசனம் பின்னால் விரலை நகர்த்திக்கொண்டிருப்பான். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அவனுக்கு எட்டவில்லை. நான் அதை அலட்சியம் என்று திட்டினேன். தப்பு என்னுடையது.

பெயரை நீக்கச் சொல்லாதீர்கள், உறுப்பினர் பெயரை வேறு சபைக்கு மாற்றித் தரும் மாற்றக் கடிதம் கேளுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் விவரங்களை அதில் எழுதித் தரச் சொன்னால் புதிய சபையில் கேட்கும்போது கையில் இருக்கும், நாளைக்குத் திருமணம் என்றாலும் உதவும். மெதடிஸ்ட் சபைக்கே போகிறாள் என்றால் வேலை இன்னும் சுலபம். ஆனால் பாஸ்டரிடம் அவளே பேசட்டும், நீங்கள் போகாதீர்கள்.

அப்புறம், ஒரு ஞாயிறு அவளோடு செங்காங் போய் உட்கார்ந்து பாருங்கள். பாட்டுச் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பின்வரிசை நல்லது.