ஆபரேஷன் கருவிய கழுவி திரும்ப யூஸ் பண்றது சேஃபா? யூஸ் அண்ட் த்ரோ தான் நல்லதா?

எல்லாத்துக்கும் ஒரே பதில் கெடையாதுங்க. ஊசி, சிரிஞ்சு, ஐவி செட்டுலாம் ஒரு தடவையோட சரி, அதுல பேச்சே இல்ல. ஆனா ஃபோர்செப்ஸ், கத்தரி மாதிரி ஸ்டீல் சாமான் வேற, நல்லா பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவி, பேக் பண்ணி, ஆட்டோகிளேவ்ங்கிற பிரஷர் குக்கர் மாதிரி மெஷின்ல 134 டிகிரி நீராவில வச்சு எடுத்தா கிருமி செத்துடும், வருஷக்கணக்குல உழைக்கும். கழுவுறதுதான் முக்கியம், காஞ்ச ரத்தத்துக்கு அடியில நீராவி சரியா போவாது.

நம்ம பாண்டிச்சேரி கடலூர் ரோட்டுல தவளக்குப்பத்துல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்குல்ல, அந்த அரவிந்த் குழுமத்துல நடக்குற கண்புரை ஆபரேஷன் பத்தி 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு ஆபரேஷனால சுமார் 6 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு தான் காத்துல கலக்குது, பிரிட்டன்ல இதே ஆபரேஷனுக்கு அதுல கிட்டத்தட்ட இருவது மடங்கு! கருவிய திரும்பத் திரும்ப யூஸ் பண்றது ஒரு பெரிய காரணம், அதுக்காக அங்க இன்ஃபெக்‌ஷன் ஒண்ணும் கூடிடல.

ஆட்டோகிளேவுக்கும் கரண்ட், தண்ணி ஆவும், பாதி காலியா ஓட்டுனா சுற்றுச்சூழலுக்குக் கெடைக்குற லாபம் கொறையும். யூஸ் பண்ணித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் டியூப்பெல்லாம் ஆஸ்பத்திரி குப்பைக்கான சிவப்பு பைல தான் போடணும், அது ரீசைக்கிளுக்குப் போவும், மஞ்சப் பைல போட்டா எரிச்சுடுவாங்க, பிவிசி பிளாஸ்டிக் எரிஞ்சா டையாக்ஸின்ங்கிற விஷம் வரும்.

சந்தேகமா இருந்தா பாக்கெட்டு மேல ஒட்டியிருக்குற டேப்ப பாருங்க, ஆட்டோகிளேவ் ஆனதுன்னா கோடு கருப்பா மாறியிருக்கும்.